தேதி முடிந்த கார் சீட்டை ஊருக்கு அனுப்பலாமா?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக: "நாங்கள் டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எங்கள் மகளுக்கு ஒன்பது மாதம் ஆகிறது. கைக்குழந்தைக்கான கூடை இருக்கை அவளுக்குப் போதாமல் போய்விட்டதால் பெரிய கார் சீட்டுக்கு மாற்ற வேண்டும். ஆஸ்டினில் இருக்கும் என் நாத்தனார் தம் மகனுக்கு வாங்கிய கார் சீட்டைக் கொடுத்திருக்கிறார். அது 2017 மார்ச்சில் தயாரானது. அவர் வாங்கியது அந்த வருடம் நவம்பரில். பயன்படுத்தியது மூன்று வருடம்தான். அதன் பிறகு கராஜ் பரணில் உறை போட்டு வைத்திருந்தார். விபத்து எதிலும் சிக்கியதில்லை, பார்க்கப் புதிது போலவே இருக்கிறது. ஆனால் கையேட்டில் ஏழு ஆண்டுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருக்கிறது. இது கம்பெனிக்காரர்களின் வியாபாரத் தந்திரம் என்கிறார் என் கணவர். 'எங்கள் காலத்தில் மடியில் வைத்துத்தானே வளர்த்தோம்' என்கிறார் திருச்சியிலிருந்து வந்திருக்கும் என் மாமியார். இங்கே பயன்படுத்தக் கூடாது என்றால், அவர்கள் திரும்பும்போது பெட்டியோடு கொடுத்து அனுப்பி, திருச்சியில் குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் என் தம்பிக்காவது கொடுக்கலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இருக்கையை உங்கள் மகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். தம்பிக்கும் அனுப்ப வேண்டாம். குழந்தையின் பொருள்களைக் கைமாற்றிக்கொள்வது நம் குடும்பங்களில் உள்ள நல்ல வழக்கம். தொட்டிலும் நடைவண்டியும் பால்சங்கும் மூன்று வீடு மாறி வந்து நம்மையே வளர்த்திருக்கின்றன. உங்கள் நாத்தனார் அந்த எண்ணத்தோடுதான் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பத்திரப்படுத்தினார் என்பது எனக்குப் புரிகிறது. குழந்தைப் பாதுகாப்பு இருக்கைகளைச் சரிபார்த்துத் தரும் சான்று பெற்ற தொழில்நுட்பராக, வார இறுதிகளில் வாகன நிறுத்தங்களில் குனிந்து நின்று நூற்றுக்கணக்கான இருக்கைகளைக் கழற்றிப் பார்த்தவன் என்ற முறையில், இந்தப் பொருள் மட்டும் ஏன் அந்த வழக்கத்துக்கு ஒத்துவராது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

தேதிக் கணக்கில் ஒரு சிறிய குழப்பம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நாத்தனார் நவம்பரில்தான் வாங்கினார், மூன்று ஆண்டுதான் பயன்படுத்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஆயுளைத் தயாரித்த நாளிலிருந்தே எண்ணுகின்றன. வாங்கிய நாளிலிருந்து எண்ணுபவை சிலவே. உங்கள் கையேடு எதிலிருந்து எண்ணச் சொல்கிறது என்பதை நீங்கள் பார்க்கலாம், ஆனால் எப்படி எண்ணினாலும் 2017-உடன் ஏழைக் கூட்டினால் 2024-க்குள் முடிந்துவிடுகிறது. தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கையில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. முடியும் தேதியைச் சில நிறுவனங்கள் ஒட்டுத்தாளில் போடும், சில கூட்டின் அடிப்பகுதியில் பிளாஸ்டிக்கிலேயே அச்சு வார்த்துவிடும், சில கையேட்டில் மட்டும் சொல்லும். அடிப்பக்கத்தைத் திருப்பினால் கடிகார முகம் போல ஒரு வட்டமும் நடுவில் ஓர் அம்புக்குறியும் தெரியும். அதைப் பார்த்து முடியும் தேதி என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது அந்தப் பிளாஸ்டிக் துண்டு எந்த மாதம் வார்க்கப்பட்டது என்பதற்கான தொழிற்சாலைக் குறி மட்டுமே.

உங்கள் கணவரின் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். அதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கவே செய்கிறது. இத்தனை ஆண்டில் இருக்கை காலாவதியாக வேண்டும் என்று எந்தக் கூட்டாட்சி விதியும் சொல்லவில்லை. குழந்தை இருக்கைகளுக்கான 213-ஆம் எண் பாதுகாப்புத் தரம் மோதல் சோதனை, வார், பக்கிள், தீப்பற்றும் தன்மை, ஒட்டுத்தாள் என எல்லாவற்றையும் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஆயுட்காலத்தை நிறுவனத்தின் முடிவுக்கே விட்டிருக்கிறது. தாம் செய்த பொருளுக்குக் காலவரையின்றிப் பொறுப்பேற்க எந்த நிறுவனமும் விரும்பாது என்பதும் மெய்தான். ஆனால் வெறும் விற்பனைத் தந்திரம் என்றால் அது வேறு விதமாக அல்லவா இருக்கும்? மூன்று ஆண்டு என்று போட்டால் இன்னும் அதிகம் விற்கலாமே. நடப்பதோ அதற்கு நேர் எதிர்: பத்து ஆண்டு உழைக்கும் என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டு விற்கிறார்கள். இதைவிடத் தெளிவான சான்று ஒன்று உண்டு. கிராக்கோ நிறுவனம், கார் பெல்ட் நுழைந்து செல்லும் பகுதி எஃகால் வலுவூட்டப்பட்ட தன் இருக்கைகளுக்குப் பத்து ஆண்டும், அந்தப் பகுதி பிளாஸ்டிக்கால் ஆன இருக்கைகளுக்கு ஏழு ஆண்டும் கொடுக்கிறது. ஒரே நிறுவனம், ஒரே கடை, ஒரே வாடிக்கையாளர். மாறுவது பொருள் மட்டும்தான். அந்த மூன்று ஆண்டு வித்தியாசத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

இருக்கையின் கூடு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. இந்தப் பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குப் புதிதன்று. கல்யாண மண்டபத்திலும் டீக்கடை வாசலிலும் நாம் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி இதே இனத்தைச் சேர்ந்ததுதான். இருக்கைக்கு உரிய கலவையும் கனமும் வேறு, உள்ளே சேர்க்கும் காப்புப் பொருள்களும் கூடுதல். அடிப்படை இயல்பு ஒன்றே. அந்த நாற்காலி ஒன்றை மொட்டைமாடியில் நாலைந்து கோடைகாலம் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் மாமியாரைக் கேட்டுப் பாருங்கள். நிறம் சற்று வெளிறும், தொட்டால் கையில் மாவு போல ஒட்டும், அதன் பிறகும் நாற்காலி நின்றுகொண்டுதான் இருக்கும். ஆள் மெதுவாக உட்காரும்வரை ஒன்றும் ஆகாது. ஒருநாள் யாரோ தொப்பென்று உட்காருவார். கால் வளையாமல், முன்னறிவிப்பில்லாமல், பட்டென்று முறியும்.

அந்த "பட்டென்று" என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பாலிபுரோப்பிலீனின் வலிமை அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளில் இருக்கிறது. வெப்பமும் புறஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அந்தச் சங்கிலிகளை அங்கங்கே துண்டிக்கின்றன. அதைத் தடுப்பதற்காகத் தயாரிக்கும்போதே சில காப்புப் பொருள்களைக் கலக்கிறார்கள். அவை தங்களைச் செலவழித்துக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காக்கின்றன, செலவழிந்து தீர்ந்த பிறகு சிதைவு வேகம் பிடிக்கிறது. சங்கிலிகள் குறுகும்போது பிளாஸ்டிக் முதலில் இழப்பது சுமை தாங்கும் திறனை அன்று. உடையாமல் இழுபட்டு வளைந்துகொடுக்கும் திறனை இழக்கிறது. அதனால்தான் கையால் அழுத்திப் பார்ப்பதும், குழந்தையை உட்கார வைத்துப் பார்ப்பதும் சோதனை ஆகாது. மெதுவாக வரும் சுமையைப் பழைய கூடு தாங்கிக்கொள்ளும். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்து முடிகிற சுமையில்தான் புதிய கூட்டுக்கும் பழைய கூட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் உங்கள் மகள் உட்கார்ந்திருக்கும் கார் அன்று.

"வெயிலில் வைக்கவில்லையே, பரணில்தானே இருந்தது" என்று நீங்கள் கேட்கலாம். புறஊதாக் கதிரிலிருந்து பரண் காப்பாற்றியது உண்மை, வெப்பத்திலிருந்து காப்பாற்றவில்லை. டெக்சாஸ் வீடுகளின் கூரைக்கு அடியிலுள்ள பரண்கள் கோடையில் 50 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். காருக்குள் இருந்த மூன்று ஆண்டுகளும் லேசானவை அல்ல. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே 38 டிகிரியைத் தாண்டிய நாள்களில் வெயிலில் நிறுத்திய கார்களின் உட்புறம் ஒரே மணி நேரத்தில் சராசரியாக 47 டிகிரியையும், இருக்கைகள் 51 டிகிரியையும், டாஷ்போர்டு 69 டிகிரியையும் எட்டின. இந்த வெப்பம் பகலில் ஏறி இரவில் இறங்குகிறது. ஏறும்போது பிளாஸ்டிக் விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. அதனுள் பதிந்த எஃகும் திருகாணிகளும் அதே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. ஆயிரக்கணக்கான பகலிரவுகளில் இந்த இழுபறி நடக்கும் இடங்களில்தான் முதல் கீறல் தோன்றுகிறது.

அப்படி ஒரு கீறலை நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஓர் இளம் தகப்பனார் தம் அண்ணனிடமிருந்து பெற்ற இருக்கையைப் பொருத்தித்தரச் சொல்லிக் கொண்டுவந்தார். துணி உறை துவைத்து, மடிப்பு கலையாமல், கடையிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல இருந்தது. தயாரான ஆண்டைப் பார்த்தேன். காலம் முடிந்து இரண்டு ஆண்டாகியிருந்தது. அவர் நம்பவில்லை. உறையைக் கழற்றினோம். சாம்பல் நிறக் கூட்டில், கார் பெல்ட் நுழையும் துளையின் கீழ் மூலையில், விரல்நகம் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. பிளாஸ்டிக் மீண்டும் மீண்டும் மடிந்து இழுபட்டால் அந்த இடம் வெளிறும். தொழிலில் இருப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். துளையின் இரு ஓரத்தையும் இரண்டு கட்டைவிரலால் மெதுவாக விலக்கினேன். அந்த வெள்ளைக் கோட்டின் நடுவில் மயிரிழை போல ஒரு பிளவு திறந்து, கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. துணி மூடியிருந்தவரை அது யார் கண்ணிலும் படாது. அந்தத் துளையின் வழியாகத்தான் மோதலின் முழு இழுப்பும் காருக்குப் போகிறது. அந்தத் தகப்பனார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஒரு மாதமாக அதில் தம் மகனை வைத்து நெடுஞ்சாலையில் போய்வந்ததாகச் சொன்னார்.

எல்லாப் பழைய இருக்கையிலும் இப்படிப் பிளவு இருக்கும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் நாத்தனாரின் இருக்கையில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். காலாவதித் தேதியின் மறுநாள் காலையில் எந்த இருக்கையும் உதிர்ந்து விழுவதில்லை. புதிய இருக்கைகளைத்தான் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள்; இத்தனை ஆண்டுப் பயன்பாடு, வெயில், குளிர், அழுக்கு எல்லாம் சேர்ந்த பின்பும் சோதனையில் நடந்துகொண்டது போலவே நடந்துகொள்ளும் என்று தயாரித்தவர் பொறுப்பேற்கும் எல்லைதான் அந்தத் தேதி. அதைத் தாண்டினால் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழுகிறது. உங்களிடமோ, உண்மையைச் சொன்னால் என்னிடமோகூட, கூட்டின் உள்ளே இருப்பதைப் பார்க்கும் கருவி எதுவும் இல்லை.

கூட்டைப் பற்றி இவ்வளவு சொன்னதால் வாரையும் பக்கிளையும் மறந்துவிடக் கூடாது. வார் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலால் நெய்தது. வெயில் பட்டால் வார் வலுவிழக்கும் என்பதைத் தரவிதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒளிச் சோதனைக்குப் பிறகு புதிய வாரின் வலிமையில் 60 சதவீதத்துக்கும், உராய்வுச் சோதனைக்குப் பிறகு 75 சதவீதத்துக்கும் குறையக் கூடாது என்று அது எல்லை வகுத்திருக்கிறது. ஆனால் எந்த ஆய்வகச் சோதனையிலும் நம் வீட்டுக் குழந்தை உட்காருவதில்லை. தலையில் வைத்த தேங்காய் எண்ணெய், கக்கிய பால், ஊட்டிய பருப்புச் சோறு, வாழைப்பழம் எல்லாம் வாரில்தான் இறங்குகின்றன. அதன் பிறகு நம் அம்மாக்கள் செய்வது, வாரைக் கழற்றிச் சோப்புப் பொடியில் ஊறவைத்து நன்றாகக் கசக்கிப் பிழிவது. அக்கறையினால் செய்கிறார்கள், ஆனால் அது நூலின் மேற்பூச்சையும் உறுதியையும் கெடுத்துவிடும் என்பதால் ஏறத்தாழ எல்லாக் கையேடுகளும் அதைத் தடை செய்கின்றன; ஈரத்துணியால் துடைப்பதற்கு மேல் எதுவும் செய்யக் கூடாது. உங்கள் நாத்தனார் அந்த மூன்று ஆண்டில் வாரை எப்படிச் சுத்தம் செய்தார் என்பது இப்போது அவருக்கே நினைவிருக்காது.

பக்கிளின் சிவப்புப் பொத்தானுக்கும் ஒரு கணக்கு உண்டு. குழந்தையே அழுத்தித் திறந்துவிடாதபடி 40 நியூட்டனுக்குக் குறையாமலும், பதற்றத்தில் இருக்கும் பெரியவர் உடனே திறக்கும்படி 62 நியூட்டனுக்கு மிகாமலும் விசை தேவைப்பட வேண்டும். ஏறக்குறைய நாலு கிலோவிலிருந்து ஆறேகால் கிலோ எடைக்குள். உள்ளே காய்ந்து கிடக்கும் சோற்றுப் பருக்கையும் உலர்ந்த ஜூஸும் இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். 2014-இல் இதே காரணத்துக்காக, திறக்க முடியாமல் சிக்கிக்கொள்ளும் பக்கிள்களை மாற்றித்தர வேண்டி, கிராக்கோ நிறுவனம் 60 லட்சத்துக்கும் அதிகமான இருக்கைகளுக்கு ரீகால் அறிவித்தது. அமெரிக்க வரலாற்றிலேயே மிகப்பெரிய கார் சீட் ரீகால் அது. பழைய இருக்கையின் பெரிய குறை இதிலும் தெரிகிறது: ரீகால் அறிவிப்பு, வாங்கியவர் பதிந்த முகவரிக்குத்தான் போகும், கைமாறி வாங்கியவருக்கு வராது.

விதிகளும் அறிவுரைகளும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பக்கவாட்டு மோதலுக்கான கூட்டாட்சி விதி 2022-இல்தான் இறுதியானது. இரண்டு வயதை எல்லையாகச் சொல்லிவந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 2018-இல் அந்த வயதெல்லையை எடுத்துவிட்டு, இருக்கை அனுமதிக்கும் எடையும் உயரமும் நிறையும்வரை குழந்தை பின்பக்கம் பார்த்தே உட்கார வேண்டும் என்று திருத்தியது. உங்கள் கையிலுள்ள கையேடு இவை இரண்டுக்கும் முந்தியது. உங்கள் மகளுக்கு ஒன்பது மாதம்தான் என்பதால், எந்த இருக்கையானாலும் இப்போது பின்பக்கம் பார்த்தபடிதான் பொருத்த வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது. டெக்சாஸில் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை, 4 அடி 9 அங்குல உயரத்தைத் தாண்டாதவரை, பாதுகாப்பு இருக்கையில், "தயாரித்தவரின் அறிவுறுத்தலின்படி" கட்டப்பட்டிருக்க வேண்டும். மீறினால் 25 முதல் 250 டாலர்வரை அபராதம். காலாவதி என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஆனால் ஏழு ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாதே என்பதும் தயாரித்தவரின் அறிவுறுத்தலே என்பதால், அந்த வழியில் சட்டம் உங்கள் காருக்குள்ளும் வருகிறது.

உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர்கள் பிள்ளைகளை மடியில் வைத்து வளர்த்த காலத்தில் பயணம் பேருந்திலும் மாட்டுவண்டியிலும் அம்பாசடர் காரிலும் வேறு வேகத்தில் நடந்தது. அப்போதும் நடந்த இழப்புகளைக் கணக்கெடுக்க யாருமில்லை. அவர்களுக்கு இந்தக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லுங்கள். தரவிதியின் சோதனை மோதல் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறது. அந்த வேகத்தில் மோதி நிற்பது சுமார் ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். பத்து கிலோ குழந்தை அந்தக் கணத்தில் சராசரியாக 150 கிலோ மூட்டையின் இழுப்போடும், உச்சத்தில் 200 கிலோவுக்கு மேலும் முன்னோக்கிப் பாயும். எந்தத் தாயின் அணைப்பும், எவ்வளவு பாசமான அணைப்பும், அதைப் பிடித்து நிறுத்தாது. சரியான இருக்கை, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காரில் உயிராபத்தை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 54 சதவீதமும் குறைக்கிறது என்பது அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று இரவே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், வீட்டில் அந்தப் பழைய இருக்கையைத் தவிர வேறெதுவும் இல்லை என்றால், மடியைவிட அதுவே மேல். அதில் கட்டிக் கொண்டுபோங்கள். ஆனால் அது ஓர் இரவுக்கான ஏற்பாடு. அதை ஒரு வாரத்துக்கும் ஒரு மாதத்துக்கும் நீட்டிப்பதற்கு அந்த ஓர் இரவைக் காரணமாக்கிக்கொள்ளக் கூடாது.

இனித் திருச்சிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய வரி அதுதான், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். இங்கே வேண்டாம் என்றானதும் ஊருக்கு அனுப்பலாமா என்ற கேள்வி ஏறத்தாழ எல்லாத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் எனக்கு வருகிறது. அதன் பின்னால் இருப்பது பிறந்த வீட்டுப் பாசம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகம் ஃபிரிஸ்கோவில் எப்படியோ திருச்சியிலும் அப்படித்தான். சித்திரை வெயிலில் நிறுத்திய கார் டெக்சாஸ் காரைவிடக் குளிர்ச்சியாக இருக்கப்போவதில்லை. உங்கள் மகளுக்குப் போதாத கூடு, தம்பியின் குழந்தைக்கு மட்டும் எப்படிப் போதும்? அங்கே போன பிறகு அதன் வயது யாருக்கும் நினைவிருக்காது; அக்கா அமெரிக்காவிலிருந்து அனுப்பியது என்ற ஒரே பெருமையில் இன்னும் ஐந்தாறு ஆண்டு ஓடும், பிறகு பக்கத்து வீட்டுக்கும் போகும்.

தேதி முடியாத இருக்கையாக இருந்தாலும் வேறொரு சிக்கல் இருந்திருக்கும். அமெரிக்கக் கார்களின் பின்னிருக்கை பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொண்டு, திரும்பிச் சுருளும்போது இறுகிக்கொண்டே போகும். இங்கே விற்கும் இருக்கைகள் பல அந்த வசதியை நம்பி வடிவமைக்கப்பட்டவை. இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களின் பெல்ட்டில் அந்தப் பூட்டு கிடையாது. இருக்கையிலேயே பெல்ட்டைப் பூட்டும் அமைப்பு இருந்தாலன்றி அது தளர்ந்து ஆடும். தளர்ந்து ஆடும் இருக்கையைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஓட்டுவதுதான் எனக்குப் பெரிய கவலை. உங்கள் தம்பி அங்கேயே இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ். 072 சான்றோ ஐரோப்பிய 'ஈ' முத்திரையோ உள்ள, பிறந்த நாளிலிருந்தே பின்பக்கம் பார்த்துப் பொருத்தக்கூடிய இருக்கையை, தம் காரில் வைத்துப் பார்த்து வாங்கட்டும். காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள், அதாவது பெல்ட் இல்லாமலே குழந்தை இருக்கையை நேராக மாட்ட உதவும் பிடிப்புகள், இருந்தால் பொருத்துவது இன்னும் எளிது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது; இதையும் அவரிடம் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கையைத் திணிப்பதற்குப் பதிலாக அதன் விலையைக் குழந்தை பிறந்ததும் அனுப்பி வைத்தால், அக்காவின் சீர் என்று அதைவிடப் பொருத்தமாக எதுவும் அமையாது.

உங்களுக்குப் புதிய இருக்கை வாங்கும்போது விலையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். நூறு டாலருக்குக் கீழே விற்கும் இருக்கைக்கும் ஐந்நூறு டாலர் இருக்கைக்கும் கூட்டாட்சித் தரம் ஒன்றுதான். மெத்தை, துணி, பொருத்தும் எளிமை ஆகியவற்றில்தான் பெரும்பாலும் காசு கூடுகிறது. டார்கெட் கடைகள் 2016 முதல் பழைய கார் சீட்டைப் பெற்றுக்கொண்டு புதியதற்குத் தள்ளுபடி தருகின்றன. வழக்கமாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும் இது நடக்கும். காலம் முடிந்ததையும் உடைந்ததையும் வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பதால், உங்கள் நாத்தனாரின் இருக்கைக்கு அது நல்ல முடிவாக இருக்கும். அதுவரை காத்திருக்க இயலாது என்றால், வாரைக் கத்தரிக்கோலால் இரண்டு மூன்று இடங்களில் வெட்டி, உறையை உரித்து, கூட்டின் மேல் அழியாத மையால் காலாவதியானது, பயன்படுத்தாதீர் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் சாலையோரம் வைத்தால் மறுநாள் காலைக்குள் அது இன்னொரு வீட்டுக் காரில் இருக்கும்.

பிற்காலத்தில் யாரேனும் இருக்கை கொடுத்தால், நெருங்கிப் பழகியவர் கொடுத்தது, தேதி முடியாதது, ஒட்டுத்தாளும் கையேடும் இருப்பது, மாதிரி எண்ணை வைத்துத் தேடினால் ரீகால் எதுவும் இல்லாதது, பெரிய மோதலைக் கண்டிராதது என்று உறுதியானால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சிறு மோதல் என்று அவர்கள் சொன்னாலும், காரை அங்கிருந்து ஓட்டிவர முடிந்ததா, இருக்கைக்கு அருகிலிருந்த கதவு சேதமில்லாமல் இருந்ததா, யாருக்கும் காயம் இல்லையா, காற்றுப்பை விரியாமல் இருந்ததா, இருக்கையில் கண்ணுக்குத் தெரியும் சேதம் இல்லையா என்று ஐந்தையும் கேளுங்கள். ஐந்துக்கும் ஆம் என்றால்தான் அது சிறு மோதல்.

புதிய இருக்கை வந்ததும் அதிலுள்ள பதிவு அட்டையை அன்றே நிரப்பி அனுப்பிவிடுங்கள். பிறகு டெக்சாஸ் போக்குவரத்துத் துறையின் மாவட்ட அலுவலகத்திலோ, சான்று பெற்ற தொழில்நுட்பர் உள்ள தீயணைப்பு நிலையத்திலோ முன்பதிவு செய்து, இருக்கையின் கையேடு, காரின் கையேடு இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் மாமியாரையும் அழைத்துப் போங்கள். பகலில் பேத்தியைக் காரில் ஏற்றி வாரைக் கட்டப்போவது பெரும்பாலும் அவர்கள்தான் என்பதால், தோளெலும்பின் மேல் வாரைக் கிள்ளிப் பார்த்தால் விரலுக்குள் மடிப்பு அகப்படக் கூடாது என்பதை அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்து பார்க்கட்டும்.